பி சைடில் நீ கேட்டது

என் கூடப்பிறந்த அக்காவுக்கு, தங்கமான என் லாத்தாவுக்கு,

உன் கேசட்டுகளையெல்லாம் நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். "டேப் ரெக்கார்டரத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்" என்று மிரட்டியவள் நீ. இப்போது மிரட்ட ஆளில்லை, பார்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "உம்மா குரல் மறந்துடும்போல இருக்கு சின்னம்மா" என்று அழுதாள். சவூதியில் இருந்த மச்சானுக்கு நீ பேசி அனுப்பிய கேசட்டுகளை அவர் ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டு, ஊர் திரும்பும்போது பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார் அல்லவா? பண்ருட்டி வீட்டுப் பரணிலிருந்து அதை இறக்கி என் கையில் கொடுத்தார். மொத்தம் பத்தொன்பது. பாதிக்குமேல் பூசணம்.

இந்த வேலையில் அவசரமே செல்லாது லாத்தா. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் உள்ளே போகிறது. ஸ்கூல் விட்டு வந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்கிறேன். நீ பேசுகிறாய். பின்னால் உம்மா பாத்திரம் உருட்டுகிறாள். "இருங்க, ஷிப்ட் சங்கு ஊதுது" என்று மச்சானைக் காக்கவைத்துவிட்டு, அது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாய். எவ்வளவு சின்னப் பெண்ணின் குரல் அது! அப்போது எனக்கு நீ பெரிய மனுஷியாகத்தான் தெரிந்தாய்.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மச்சானுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். கடிதம் போட்டால் ரூமில் இருப்பவர் யாராவது படித்துக் காட்ட வேண்டும். அந்த வெட்கத்துக்காகத்தான் கேசட். அந்த வருஷம் உனக்குக் கடலூரில் டீச்சர் ட்ரெயினிங் சீட்டு கிடைத்திருந்தது. "மாப்ள சரின்னு சொன்னா போ" என்று வாப்பா முடித்துக்கொண்டார். நீ அறையைச் சாத்திக்கொண்டு பேசினாய். பேசி முடித்து, கேசட்டின் மேல்முனையில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஹேர்பின்னால் உடைத்தாய். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் மறுபடி பதிய முடியாது. எல்லாம் எனக்குப் பயந்துதான்.

எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேர் வாட்ச் கட்டிவிட்டார்கள். மச்சானிடம் நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றதற்கு, "அவரு உனக்குக் கடையா வெச்சிருக்காரு? போடி" என்று விரட்டினாய். நீ குளிக்கப் போன நேரம் பார்த்து, பல் உடைந்த ஓட்டையில் பேப்பரை மடித்துச் செருகினேன். நீ எப்போதும் ஏ சைடில்தான் பேசுவாய். பி சைடு காலி என்று நினைத்து, முதலிலிருந்து மூன்று நிமிஷம் வாட்ச் புராணம் பாடினேன். நிறுத்திவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். என் குரல் முடிந்த இடத்தில் உன் குரல் வந்தது.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சொல்லலன்னா வேணாம்னு எடுத்துக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

உள்ளே உன் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. ஓடிவந்து உன் கதவைத் தட்டியிருக்கலாம். மறுபடி ஒருமுறை நீ பேசியிருப்பாய், எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதானே? நான் என்ன செய்தேன் தெரியுமா? மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, என் குரல் முடிந்த இடத்துக்கே டேப்பைப் பின்னால் ஓட்டி, மறுபடி ரெக்கார்டை அழுத்தி, நீ தலை துவட்டி வருவதற்குள் மிச்சமிருந்த உன் பேச்சின்மேலும் வெறும் டேப்பை ஓடவிட்டேன். முதலில் செய்தது தெரியாமல். இது தெரிந்தே.

மச்சானின் பதில் கேசட் வந்தது. ஊறுகாய் நன்றாக இருந்ததாம். தங்கச்சி கேட்ட வாட்ச்சைக் கொடுத்தனுப்பியிருக்கிறாராம். நீ கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாய்.

"நீ எப்படி உள்ள பேசுனே?"

"நீ பேசி முடிச்சப்புறம் கடைசில எடம் இருந்துச்சு லாத்தா."

நீ என்னை அடிக்கவில்லை. "அப்ப பி சைடு பூரா கேட்டிருக்காரு" என்று மட்டும் சொன்னாய். சீட்டுக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தாய். அதற்கப்புறம் யாரிடமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த முகம், லாத்தா. கையில் புது வாட்ச்சோடு அதை நின்று பார்த்தேனே, என்ன ஜென்மம் நான்!

ஆனால் நாலு வருஷம் கழித்து வாப்பாவிடம் மல்லுக்கு நின்று என்னை அதே ட்ரெயினிங்குக்கு அனுப்பினாயே. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்ற ஆளா பாருங்க" என்று உம்மாவிடம் சொன்னாய். எத்தனை தடவை உன்னிடம் சொல்ல வந்து, டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கிறேன்! ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட வாயில் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரச்சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தார். அந்தக் கேசட்டைப் போட்டேன். என் வாட்ச் புராணத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெறும் இரைச்சல். திரையில் ஒரே நேர்கோடு. அவர் காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அவ்ளோதானாம்மா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வுடும்மா. அந்த வயசுல நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நீ ஒண்ணும் கெடுக்கல."

அப்பாடா என்றிருந்தது, லாத்தா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எத்தனையோ வருஷம் கழித்து மூச்சு விட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். கேட்வரை போய் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர், சாவியைப் போடாமல் திரும்பினார்.

"எந்த ஊர்லம்மா அந்த ட்ரெயினிங்?"

"கடலூர்லதான் மச்சான்."

"கடலூரா? இதோ கெடக்குற கடலூரா? காலைல பஸ் ஏறுனா சாய்ந்தரம் வூட்டுக்கு வந்துடலாமேம்மா. இதுக்குப் போயி நான் வேணாம்னு..."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

என் மனம் ஆற வேண்டுமென்றுதான் முதலில் அப்படிச் சொன்னாரா? நீ இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். உன்னை மதிக்காதவர் என்று வாழ்நாள் முழுக்க நீ நினைத்த மனிதர், உன் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நேற்று உன் மகள் போன் செய்தாள். "சும்மா ஓடுற எடத்தையெல்லாம் கட் பண்ணிட்டு அனுப்புங்க சின்னம்மா, ஃபைல் சின்னதாயிடும்" என்றாள். மற்ற பதினெட்டிலும் வெட்டிவிட்டேன். இதில் வெட்டமாட்டேன், லாத்தா. இந்தத் தடவை சத்தியமாக. அந்த வெறும் இரைச்சலை ஒரு விநாடி குறையாமல் அவளுக்கு அனுப்புவேன். அனுப்புவதற்குமுன் அவளைக் கூப்பிட்டு, அது சும்மா ஓடும் இடம் இல்லை, அவளுடைய உம்மா பேசிய இடம் என்று என் வாயால் சொல்வேன்.

உன் பேச்சின்மேல் பேசியவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி.