உன் அறைக் கதவு

ஜார்ஜ்டவுன்,
ஞாயிறு

அன்பு மகளுக்கு,

உன் அறை வாசலுக்கு மேலே இருக்கும் சுதைக் கிளிகளைச் சரிசெய்ய ஆள் பிடித்துவிட்டேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து தயாளன் என்பவர் வருகிறார்.

அவனைத்தான் கட்டுவேன் என்று நீ கதவை அறைந்துவிட்டுப் போனாயே, அன்றுதான் இடது கிளியின் தலை விழுந்தது. அம்மா பார்ப்பதற்குள் நானே சிமெண்டு குழைத்து ஒட்டிவிட்டேன். நாலு வருடத்தில் சுற்றியிருந்த சுதை இலைகளும் உதிரத் தொடங்கிவிட்டன.

“யாரு அங்கிள் இங்க சிமெண்டு பூசுனது? சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாதுலா. ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளுக்குள்ளயே அரிச்சிரும்” என்றார் தயாளன்.

முன்பு குடியிருந்தவர்கள் என்று பொய் சொன்னேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். என் கைகளைத்தான் பார்த்தாள்.

சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, வலது கிளியில் அச்செடுத்துப் புதுத் தலை வைத்திருக்கிறார். சுண்ணாம்பு இறுக மூன்று வாரமாகுமாம், அதுவரை அதிர்வே கூடாதாம். அதனால் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்திருக்கிறோம். நான் பூட்டியே வைத்திருந்த அறை இப்போது திறந்து கிடக்கிறது.

உன்னுடையது ஒற்றைக் கட்டில். புதிதாக ஒன்று செய்யச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று எழுது.

அப்பா