கண்ணாடி அறை மண்டகப்படி

துவைக்கப் போட எடுத்த சட்டையில் இறைச்சிப் புகை வாசம் அப்படியே இருக்கிறது. நேற்று ஹோம் கேம், சொந்த மைதானத்தில் கல்லூரி அணியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். பார்க்கிங் லாட்டில் காரை விட்டுவிட்டு ஸ்டேடியம் வாசலுக்கு நடந்து போவதற்குள் இரண்டு பக்கமும் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அந்தப் புகை. நான் மூக்கைச் சுளிக்கும்போதெல்லாம், "நல்லா இழுத்துக்கோடி, சைவத்துக்கு இதுவே பெரிய விருந்து" என்று என்னை வம்புக்கு இழுப்பாய். நேற்று மூக்கைச் சுளித்தபோது பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டையை மெஷினில் போடாமல் நாற்காலியில் மாட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ரிச்சர்ட்சன் ஊரில் நம் ஆட்களில் யாரைப் பிடித்து என்ன வேலை என்று கேட்டாலும் சாஃப்ட்வேர் என்பார்கள். நீ மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் டிக்கெட் விற்றாய். ஒரு ஆட்டத்து டிக்கெட் இல்லை. சீசன் டிக்கெட், அதற்கும் மேலே கம்பெனிகள் பல வருடத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொண்டு, விருந்தினரோடு சாப்பிட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறை. பாக்ஸ் என்று சொல்வோமே, அது. மதுரையில் இன்சூரன்ஸ் விற்ற வாய், டெக்சஸ் வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

என் ஆபீசுக்கு நீ வந்த அன்று, "எனக்கு ஃபுட்பால்ல எந்தப் பக்கம் ஓடணும்னுகூடத் தெரியாது" என்றேன்.

"நீ எதுக்குடி ஓடப்போற? சைன் பண்ணத் தெரியும்ல? அது போதும்."

என் கம்பெனி மாதிரி சின்னக் கம்பெனி ஒரு சீசன் முழுக்க பாக்ஸ் எடுப்பதாவது என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என் மேஜையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே, "அப்ப மண்டகப்படியா பிரிச்சிருவோம்" என்றாய். நம் பக்கத்துத் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளும். அன்றைக்குச் சாமி அவர்கள் மண்டபத்தில் வந்து இறங்கும். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. அதே மாதிரி ஒவ்வொரு ஹோம் கேமும் ஒரு கம்பெனியின் மண்டகப்படி. ஒப்பந்தம் மட்டும் என் கம்பெனி பெயரில். உன் மேலதிகாரிகளுக்கு இதை எந்த ஆங்கிலத்தில் விளக்கினாய் என்று கடைசிவரை நீ சொல்லவேயில்லை.

முதல் மண்டகப்படி, இன்னொரு சின்னக் கம்பெனி நடத்தும் செந்திலுடையது. பாவம், அவன் உன் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான். மண்டகப்படி என்றால் ஊரையே கூப்பிடுவதுதானே? ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டான். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். விசிட்டர் விசாவில் வந்திருந்த அப்பா அம்மாக்களும் வந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய மாமிகள் ஸ்டேடியம் கேட்டில் வரிசையாக நிற்க, ஸ்கேன் பண்ணுகிற பெண் டிக்கெட் கேட்க, செந்தில் உனக்கு போன் போட்டான். "அக்கா, மண்டகப்படிக்கு வர்றவங்களுக்கு எல்லாம் எதுக்கு டிக்கெட்?" பாக்ஸில் இருந்ததோ இருபது இருக்கை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நீ மேல் அடுக்கில் விற்காமல் கிடந்த மலிவு டிக்கெட்டுகளை எல்லாம் அள்ளி அவர்களை அங்கே ஏற்றினாய். பெரியவர்களைப் பாக்ஸில் உட்கார வைத்து ஏசி போதுமா என்று கேட்டாய். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மேலே வெயிலில் உட்கார்ந்த குடும்பங்களுக்கு அந்தக் கூச்சல் பிடித்துப்போனது. மறுவருடம் அவர்களில் பாதிப் பேர் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். அந்த அடுக்குக்கே நம் ஆட்கள் பகுதி என்று பெயர் வந்துவிட்டது. ஒரு கிறுக்குத்தனத்தைக்கூட வீணாக்காமல் விற்றவள் நீ.

இடையில் ஒருநாள் உன் ஆபீசில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உன் ஜன்னலுக்குக் கீழே நீச்சல் குளம். கல்லூரி நீச்சல் அணிப் பெண்கள் நீந்திப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். "விடியறதுக்கு முன்னாடியே இறங்கிருதுங்க. குளிருன்னு பாக்கிறதில்ல. பாக்கிறதுக்கு ஒரு ஆள் வரமாட்டான், ஒரு டிக்கெட் விக்காது. நீங்க ஃபுட்பால் பாக்ஸ்ல உக்காந்து சாப்பிடற காசுலதான் இதுங்க நீந்தும்" என்றாய். சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தாய். நானும் அதை அதோடு விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் நீ போய்விட்டாய். காலையில் வேலைக்குக் கிளம்பியவள், மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்தாய், சாயங்காலம் இல்லை. எனக்கு அழக்கூட நேரமில்லாத வருடம் இது. எங்கள் பெரிய கிளையண்ட் வேலையை நிறுத்தினான். ஆட்களை எடுத்த கையாலேயே அனுப்ப வேண்டி வந்தது. அதில் ஒருவருக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, வேலை இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். என் முன்னால் உட்கார்ந்து, "பரவால்ல மேடம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவரை அனுப்பிய மாதத்தில்தான் பாக்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி உன் துறையிலிருந்து போன் வந்தது. நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன்.

உன் நாற்காலியில் டைலர் என்று ஒரு பையன். மரியாதையான பையன்தான். உன் புகைப்படம் ஒன்றைக்கூட அலமாரியில் வைத்திருந்தான். காலம் மாறிவிட்டது என்று ஆரம்பித்தான். இப்போது கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறதாம். அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். அதனால் வருமானம் இல்லாத விளையாட்டுகளை மூடிவிடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். "எதை?" என்றேன். "பெண்கள் நீச்சல் அணிதான் முதலில் இருக்கிறது" என்றான்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எனக்கிருக்கும் பாரத்தில் இது என் தலைவலி இல்லை என்றுதான் நினைத்தேன். அப்போது அவன் கேட்டான்.

"உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்தப் பேச்சு எழும்போது உங்கள் தோழி மேலதிகாரிகளிடம் போய் ஒன்றே ஒன்று சொல்வார். அந்த பாக்ஸ்காரர்கள் எல்லாரும் நீச்சல் அணிக்காகத்தான் நம்மோடு இருக்கிறார்கள், நீச்சல் போனால் அவர்களும் போவார்கள், மேல் அடுக்கில் இருக்கும் குடும்பங்களும் கூடவே போகும் என்று. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அந்த அணி தப்பித்தது. அது உண்மையா?"

அடிப்பாவி! எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், வடை தின்ன வந்த கூட்டத்தையெல்லாம் நீச்சல் ரசிகர்களாக்கி, வருடாவருடம் எங்கள் பெயரில் மிரட்டியிருக்கிறாய். எனக்கு உன்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. செத்தும் வேலை வைக்கிறாயே என்றிருந்தது. இல்லை என்று சொன்னால் அன்றே முடிந்திருக்கும். ஒப்பந்தமும் இல்லை, நீச்சலும் இல்லை, நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.

"உண்மைதான்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "நீச்சல் இருந்தால் நாங்கள் இருப்போம். இல்லையென்றால் ஒருவரும் இருக்க மாட்டோம்."

அவன் குறித்துக்கொண்டான். நான் காருக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு செந்திலுக்கு போன் போட்டேன்.

"செந்தில், நமக்கெல்லாம் ஸ்விம்மிங் ரொம்ப முக்கியம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எந்த ஸ்விம்மிங் அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நீ எங்களை வைத்து ஆடிய ஆட்டம், டைலர் கேட்டது, என் கம்பெனி இருக்கும் நிலைமை. "அவங்க அப்படிச் சொல்லியிருந்தா அப்படித்தான் அக்கா. உங்களால முடியலன்னா விடுங்க, என் பேர்ல மாத்திக்கலாம். மத்தவங்ககிட்ட நான் பேசறேன்" என்றான். பேசினான். ஒப்பந்தம் அவன் பெயருக்குப் போனது. என் ஆட்டங்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெயர் விட்டுப்போகக் கூடாது என்று எனக்கும் ஒரே ஒரு ஆட்டம் வைத்தார்கள். நேற்று நடந்தது அதுதான். முன்போல இல்லை. இரண்டு கம்பெனிகள் இந்த வருடம் விலகிவிட்டன. மேல் அடுக்கிலும் இடம் காலியாகத் தெரிகிறது. எல்லார் முகத்திலும் வேலை எப்போது போகுமோ என்ற பயம். சாப்பாடு மட்டும் மிஞ்சியது.

நீச்சல் அணியை இந்த வருடத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த வருடத்துக்கு மட்டும், அடுத்த வருடம் மறுபடியும் பார்க்கலாம் என்று டைலர் அழுத்திச் சொன்னான்.

போன வெள்ளிக்கிழமை அவர்கள் போட்டியைப் பார்க்கப் போனேன். எதற்காகப் பொய் சொன்னோம் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளே ஒரே குளோரின் நெடி, புழுக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான். ஒரு பந்தயத்தில் எல்லாரும் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தாள். வந்து சுவரைப் பிடித்தாள். நேரம் காட்டும் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக வந்தவள், ஜெயித்தவளைவிடப் பெரிதாகச் சிரித்தாள். பக்கத்திலிருந்த அம்மாவிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் இதுவரை எடுத்ததிலேயே அதுதான் மிகக் குறைந்த நேரமாம். நீங்கள் யாருடைய அம்மா என்று அவர் என்னைக் கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், "சும்மா பார்க்க வந்தேன்" என்றேன்.

எனக்கு அலுப்பாக இருக்கிறதடி. உன்னைப் போல எனக்கு வாய் கிடையாது, சண்டை போடவும் வராது. அடுத்த வருடமும் டைலர் கூப்பிட்டு, உண்மையா என்று கேட்பான். நான் போவேன், உண்மைதான் என்பேன். ஆனால் அன்றைக்கு அது பொய்யாக இருக்காது.