நாரிஸின் பிட்டர்

மார்ச் 7, 1986, வெள்ளி

இன்றும் கொட்டகை நிறைய ஆட்கள். மூடிப்போன மதுக்கடை ஒன்றிலிருந்து என் வீட்டுக்காரன் நாரிஸ் பீர் இறைக்கும் கைப்பம்பு ஒன்றை வாங்கிவந்து, காரை நிறுத்தும் கொட்டகையில் பலகை போட்டுத் திருகி வைத்தான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகள் எங்களுடையவை இல்லை. அவன் பிடியை நிதானமாக இழுக்கிறான். வளைந்த குழாயிலிருந்து செம்பு நிறத்தில் பீர் இறங்குகிறது. மேலே பாலாடை மாதிரி நுரை கட்டி நிற்கிறது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்க்கிறார்கள்.

"உன் கையில என்னமோ இருக்கு நாரிஸ்" என்றாள் தபால் அலுவலகத்து கிளெனிஸ். சொல்லும்போது அவன் முழங்கையைத் தொட்டாள்.

நான் மூலையில் நின்று சீஸ் வெட்டிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சியது நான். விடியற்காலையில் எழுந்து முளைவிட்ட பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறப்போட்டது, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைக் கொதிக்கவிட்டது, ஈஸ்ட்டுக்குக் குளிருமே என்று தொட்டியைச் சுற்றி என் போர்வையைக் கட்டியது, எல்லாம் நான். அவன் பீப்பாயில் ஊற்றினான், இழுத்தான். அவ்வளவுதானே?

மார்ச் 8

அவள் ஏன் தொட வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

பக்கத்து வீட்டு எட்வின் மூன்றாவது கோப்பையோடு என்னிடம் வந்து, "நீ கொடுத்து வச்சவ வின்னி. என் மருமகனுக்கு டீ போடக்கூடத் தெரியாது. உன் புருஷன் பாரு, பீரே காய்ச்சுறான்" என்றார்.

நாரிஸ் இரண்டடி தள்ளித்தான் நின்றான். காதில் விழுந்தது. கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

எல்லோரும் போனதும் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"என்னத்த?"

"நான் காய்ச்சுனதுன்னு."

"அவங்களுக்கே தெரியும், வின்னி."

"யாருக்குத் தெரியும்? ஒரு ஆள் பேர் சொல்லு!"

குழாயைக் கழுவப் போய்விட்டான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறேன். தட்டைக் காலி செய்துவிட்டு ஓடும் பிள்ளைகள் யார் சமைத்தது என்று கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் வந்ததில்லை. இதில் மட்டும் ஏன் இப்படி வயிறு எரிகிறது?

ஏப்ரல் 6, ஞாயிறு

நாங்கள் ஜெபத்துக்குப் போகும் சேப்பலின் கூரை ஒழுகுகிறது. அதற்குப் பணம் சேர்க்க, மாதக் கடைசியில் சேப்பல் கூடத்தில் விழா. எங்கள் பீரைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பீர் இல்லை, "நாரிஸோட பீர்".

இருந்தும் காய்ச்சினேன். இதுவரை காய்ச்சியதிலேயே நல்லது இதுதான். மணமே சொல்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

நாரிஸ் விட்பியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறான். "நான் வர்ற வரைக்கும் போன மாசத்துச் சின்னப் பீப்பாயைத் தொடாத, இன்னும் தெளியல" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சொல்கிறான்!

தொட்டேன். பம்புக்கு நேராக இருக்கட்டும் என்று பீப்பாயை அந்தப் பக்கம் நகர்த்தினேன், ஆட்களைக் கூப்பிட்டேன், இழுத்தேன். முதல் கோப்பை முழுக்க நுரை. அடுத்தது ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி கலங்கல். அடிவண்டல் எல்லாம் எழுந்துவிட்டது. எல்லோரும் மரியாதைக்கு உறிஞ்சினார்கள். பாதிக் கோப்பைகளைப் பூந்தொட்டியில் கொட்டியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

"நாரிஸ் எப்ப வர்றான்?" என்றார் எட்வின்.

அதே பீர். என் பீர்! என் கையில் சேறு, அவன் கையில் தேன். அவன் இழுப்பது மட்டுமில்லை போலிருக்கிறது. பீப்பாயைப் படுக்கவைத்துப் பொறுத்திருப்பது, எப்போது அதை மூச்சு விட விடலாம், எப்போது கூடாது என்று காதை வைத்துக் கேட்பது, எல்லாம் இருக்கிறது. புரிகிறது. புரிந்தும் என்ன? இன்னும் அதிகமாக எரிகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

கூடத்தில் பம்பைப் பொருத்திவிட்டு வந்தோம். கிளெனிஸ் பலகை எழுதி மாட்டியிருக்கிறாள். பெரிய எழுத்தில், கொடியும் பூவும் வரைந்து: நாரிஸின் பிட்டர். லேசாகக் கசக்கும் இந்த வகை பீருக்கு அதுதான் பேர்.

"நான் எழுதச் சொல்லல" என்றான்.

"அழிக்கவும் இல்லையே நீ."

"அவ ஆசையா எழுதியிருக்கா..."

ஆசையா! அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கவே கூடாது.

ஏப்ரல் 26, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பீப்பாயின் மேல்துளையில் மூங்கில் ஆப்பு ஒன்று செருகியிருக்கும். மெத்தென்று, காற்றுப் புகும்படி இருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பீர் வெளியே வரும். ஊற்றி முடித்ததும் அதை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கட்டை ஆப்பை வைத்து இறுக்குவான். நாரிஸ் மூங்கில் ஆப்பை வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கோப்பை கழுவப் போனான். நான் சாக்கைத் தூக்கினேன். மூங்கிலைப் பிடுங்கிக் கட்டையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு.

ஏன்? அவன் நாலு பேர் முன்னால் ஒரு தடவை முழிக்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

முதல் சில கோப்பைகள் வந்தன. பிறகு மெலிந்தது. பிறகு பிடியை இழுத்தால் அது அவன் கையையே பின்னுக்கு இழுத்தது. வரிசை கதவு வரை நின்றது. "என்னப்பா, மாடு கறக்க மாட்டேங்குதா?" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. நாரிஸ் பம்பைக் கழற்றத் தொடங்கினான். ஆப்பைத் தானே வைத்தவன், அதனால் அங்கே பார்க்கத் தோன்றவில்லை. காது வரை சிவந்துவிட்டான். திருகாணியைக் கீழே போட்டு, எடுத்து, மறுபடி போட்டான். அவன் வேலை பார்த்த மில் மூடிய அன்று அதன் வாசலில் இப்படித்தான் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

என்னால் பார்க்க முடியவில்லை. போய்ச் சாக்கை விலக்கிக் கட்டை ஆப்பைப் பிடுங்கினேன். உஸ்ஸென்று பீப்பாய் காற்றைக் குடித்தது. நானே பம்பை இழுத்தேன். தெளிவாக, செம்பு நிறத்தில், நுரையோடு.

கைதட்டினார்கள். "வின்னி இல்லன்னா அவ்வளவுதான்!" என்றார் எட்வின். அப்போது நாரிஸ் சொன்னான், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "இதைக் காய்ச்சுனதும் அவதான். எப்பவும் அவதான்."

மறுபடி கைதட்டல். கேட்டது எல்லாம் கிடைத்தது. என் கோப்பையை அப்படியே பலகையில் வைத்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

இன்று நான்தான் பம்பில். எல்லோரும் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லவில்லை. நாரிஸ் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தான். பீப்பாயைத் தெளியவைத்தது அவன்தான், யாரும் அதைப் பேசவில்லை. கிளெனிஸ் என் தோளைத் தட்டி, "உனக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு!" என்றாள்.

நிமிர்ந்தபோது நாரிஸ் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையை, பிறகு கோப்பையை, பிறகு வாங்கிக்கொண்டவர் முகத்தை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். மூலையில் சீஸ் வெட்டிக்கொண்டு அப்படித்தான் பார்ப்பேன்.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குக் கட்டை ஆப்பை வச்சது நான்தான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"உன் கையில அதைப் பார்த்தப்பவே. நான் மூங்கில் வச்சிட்டுல்ல போனேன்."

"அப்புறம் ஏன்... ஏன் அங்கயே சொல்லல?"

கத்தியைக் கீழே வைத்தான். "எல்லாரும் உனக்குக் கைதட்டிட்டு இருந்தாங்க. நடுவுல எப்படிச் சொல்றது?"

அழுதேன். அவன் தேற்றவில்லை. கோபமாகத்தான் இருந்தான். மறுபடி கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைத் தடிமன் தடிமனாகச் சீவித் தள்ளினான். கிழங்கு எல்லாம் தீர்ந்ததும், "நீதான் காய்ச்சுறன்னு சொல்லியிருக்கணும் நான். போன வருஷமே" என்றான். "மில் போனப்புறம் ஜனங்க என்னைப் பார்த்து நல்லதா சொன்னது அது ஒண்ணுதான். விட மனசு வரல."

மே 11, ஞாயிறு

அடுத்த பீப்பாயை அவனே காய்ச்சுவானாம். நான் கிட்டே வரக்கூடாதாம். சமையலறை முழுக்கப் பிசுபிசுப்பு. ஹாப்ஸை மூட்டையோடு கொட்டிவிட்டான் என்று நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை நான்.

ஜூன் 6, வெள்ளி

அவன் காய்ச்சியது இன்று வந்தது. இழுத்ததும் அவனே. வைரம் மாதிரித் தெளிவு, அருமையான நுரை.

எட்வின் ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது. "ஐயோ, வேப்பங்காய்! யாரு காய்ச்சுனது?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து" என்றான் நாரிஸ், பட்டென்று.

"பொய்" என்றேன் நான். "இது முழுக்க முழுக்க அவன்தான்."

நாரிஸ்தான் முதலில் சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு எனக்கு ஒரு கோப்பை இழுத்து நீட்டினான், முழுசாக. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.