பெயருக்கு எதிரே எழுதியிருந்தது

திருவொற்றியூர்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் மெர்லினுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தேர்தல் முடியும்வரை போனில் கட்சி விஷயம் பேசக்கூடாது என்று நீதான் கண்டிப்பாகச் சொன்னாய். அதனால் ஐதராபாத் வரும், உன்னோடு படித்த சாவியோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய மிக்சி நன்றாக ஓடுகிறது, சத்தம்தான் நான் ஓட்டின கிரேனைவிட அதிகம். கம்பெனிப் பக்கமிருந்து வரும் நாற்றம் மட்டும் இந்த மாதம் தாங்க முடியவில்லை. அது நிற்கும்வரை எந்த வேட்பாளர் வந்தாலும் ஆரத்தி எடுக்க மாட்டோம் என்று எதிர்வீட்டு ஃப்ளோரா தெருப் பெண்களையெல்லாம் திரட்டிவிட்டாள். போன திங்கள் உங்கள் வேட்பாளர் வந்தபோது ஒரு தட்டுகூட வாசலுக்கு வரவில்லை. மனிதர் ஜீப்பில் நின்றபடியே காலி வாசல்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் ஃப்ளோரா மகன் பிராங்கிளினை, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று உங்கள் கட்சிக்கு வேண்டிய காண்ட்ராக்டர் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை கட்சி ஆட்கள் மூன்று பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். பேசியவன் பெயர் உதயா. நீ அவர்கள் கட்சிக்கே தேர்தல் வேலை பார்க்கிறவள் என்று அவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்றுதானே தெருவில் சொல்லிவைத்திருக்கிறோம். ஃப்ளோராவிடம் நான் பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டுமாம். ஆரத்தி எடுத்தால் பையனுக்கு வேலை திரும்பக் கிடைக்குமாம். அவள் மசியமாட்டாளே என்றேன். உதயா செல்லைப் பார்த்துப் படித்தான்: "புருசன் இல்லை. வெளியே முரடு. மகன் வேலை என்றால் குழைந்துவிடுவாள்."

மகளே, அது என் வாய் வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது கேரல் பாட்டோடு நாற்பது வீடும் ஏறி இறங்கினோமே, ஒவ்வொரு படி இறங்கும்போதும் இங்கே யார் பேச்சு எடுபடும், யாருக்கு எதில் பயம் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். முதல் தேர்தலில் வெயிலில் படிவம் நிரப்பிய பெண், மூன்றாவது தேர்தலில் மாவட்டத்துக்கே திட்டம் போடுகிறாள், அவள் என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, இன்னொருத்தி பிள்ளை சோற்றில் அல்லவா மண் விழுந்துவிட்டது.

செபக் கூட்டத்துக்காக வீடு வீடாகப் போய்வருகிற சிலுவையம்மாள்தான் தன் வீட்டு விஷயத்தைக் கட்சி ஆட்களிடம் சொன்னாள் என்று ஃப்ளோரா நினைக்கிறாள். இன்று பூசையில் சிலுவையம்மாள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நானும்தான் இரண்டு பெஞ்ச் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

இனி சொல்லப்போவது அம்மாவுக்குத் தெரியாது. வியாழக்கிழமை அவர்கள் வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். ஃப்ளோராவிடம் பேச மாட்டேன் என்று உதயாவிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. செல்லில் விரலால் தள்ளித் தள்ளி என் பெயரைத் தேடி எடுத்தான். "ஜார்ஜ். பிடிவாதக்காரர். ஒரே மகள். மகளுக்கு ஒன்று என்றால் எதற்கும் சம்மதிப்பார்." படித்துவிட்டு நிமிர்ந்து, "பொண்ணு எங்க கீது பெருசு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சுவரில் உன் பட்டமளிப்புப் படம். அவன் கண் அங்கே போவதற்குள் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போனதும் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து பைக் சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவைத் தாழிடுகிறேன்.

என்னைப் பற்றி நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. எல்லா வீட்டுக்கும் நீ குறிப்பு எழுதும்போது நம் வீட்டுக்கும் எழுதத்தான் வேண்டியிருந்திருக்கும். கோபம் இல்லை, மகளே. பயம்தான்.

மகன் வேலையைப் பறித்து மிரட்டுகிறார்கள் என்று நாளை ஃப்ளோரா போலீசில் புகார் கொடுக்கிறாள். அவர்கள் நம் வீட்டுக்கு வந்துபோனதைப் பார்த்தவள், சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். போகப்போகிறேன். போகும் வழியிலேயே, சொன்னது சிலுவையம்மாள் இல்லை, நான்தான் என்று சொல்லிவிடுவேன். யாரிடம் சொன்னாய் என்று அவள் கேட்டால் என்ன செய்வேனோ, தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் நடந்து முடிந்திருக்கும்.

ஓட்டுப் போட வருகிறேன் என்றாயே, வராதே. நான் சாட்சி சொன்ன பிறகு அவர்கள் தேடப்போவது உன்னைத்தான். நீ யாரென்று தெரியாமலே தேடுவார்கள். தெரிந்தவர்களிடம்கூட இந்தத் தெருப் பெயரைச் சொல்லாதே.

அப்பா கேட்பது ஒன்றுதான். ஃப்ளோரா பெயருக்கு எதிரே எழுதியதை அழித்துவிடு. மற்ற வீடுகளுக்கு எழுதியதையும் அழித்துவிடு. என் பெயருக்கு எதிரே உள்ளதை அழிக்க முடியாவிட்டால் விட்டுவிடு. அதில் நீ பொய் ஒன்றும் எழுதவில்லை.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா
ஜார்ஜ்