பத்து ஜிபியும் முப்பத்தேழு ஊரும்

ஏப்ரல் 17, 2025, வியாழன்

மறுபடியும் மூடிவிட்டது. மாதம் முடிய இன்னும் பதின்மூன்று நாள் கிடக்கிறது. தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம்: இந்த மாதத்து டேட்டா அளவு தீர்ந்துவிட்டதாம். காட்டில் போர்வெல் போடுகிறவர்கள் அலைமோதுவதே சித்திரையில்தான். இப்போது பார்த்துத்தான் கதவைச் சாத்துவார்களா?

அப்படி என்ன பெரிய தளம் இது? என் கடைக்கு, போர் தோண்டும் ரிக் வண்டிக்குச் சாமான் வாங்க வரும் டிரைவர்களைக் கேட்டுக் கேட்டு நான் நோட்டில் எழுதியது. எந்த ஊர், யார் காடு, எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர், இல்லை தண்ணீரே வராமல் வெறும் கல்தூள் புகைதானா. முப்பத்தேழு ஊருக்கு முப்பத்தேழு பக்கம். செல்லில் படம் எடுத்து ‘எத்தனையடி’ என்று பெயர் வைத்து ஏற்றினேன். பக்கத்துக் காட்டில் ஆயிரம் அடி போயும் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் ஒரு ஆள் நின்று யோசிப்பார் அல்லவா? அதற்குத்தான். அதற்கு மாதம் பத்து ஜிபி போதாதா?

ஏப்ரல் 18, வெள்ளி

வீடியோக்களைத் தளத்திலிருந்து ஒன்றாம் தேதியே எடுத்தாயிற்று. பதினொன்றையும். தண்ணீர் பீய்ச்சி அடிப்பது, குடும்பத்தோடு நனைவது, ரிக் வண்டிக்குத் தேங்காய் உடைப்பது. தண்ணீர் வந்தவர்கள் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார்கள். வராதவர்கள் வாயே திறப்பதில்லை, அதை டிரைவரிடம்தான் கறக்க வேண்டும்.

எடுத்ததற்கு ராமாயி அக்கா கடைக்கே வந்து சண்டை. “எங்க ஊட்டுத் தண்ணிய ஏன் அம்மிணி எடுத்துப்போட்டே? சொந்தக்காரங்கல்லாம் கேக்கறாங்க.”

அத்தனை பேச்சும் வாங்கிக்கொண்டு எடுத்தேன். அப்புறமும் எப்படித் தீர்ந்தது? தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் ஆபீசுக்குப் போன் செய்தால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறான். “எது இத்தனையையும் தின்னுது?” என்றேன். “லாக்ல பாருங்க மேடம்” என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பார்த்தேன். யார், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில் இருந்துகொண்டு என் படத்தைக் கேட்டார்கள் என்று வரிவரியாக இருக்கிறது. முக்கால்வாசி வரியில் ஒரே பெயர். போர்வெல் ஏஜென்ட் பூபதி!

அவன் தளத்தைத் திறந்தேன். மேலே கும்பிட்டபடி அவன் போட்டோ. கீழே என் கையெழுத்து. என் நோட்டு, டீக்கறையோடு, முப்பத்தேழு பக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாக. என் தளம் மூடிக் கிடந்தாலும், முன்பு திறந்து பார்த்த படங்கள் என் செல்லில் தங்கியிருக்கும் போல. திருடியவன் தன் இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. என் தளத்திலிருந்தே படம் வந்து விழுகிற மாதிரி கோத்துவிட்டிருக்கிறான். ஒரு படம் நாலு எம்பி. அவன் பக்கத்தை ஒருவர் ஒரு தடவை திறந்தால் என் கணக்கில் நூற்று நாற்பத்தெட்டு எம்பி போகிறது. எழுபது பேர் பார்த்தால் என் மாதம் முடிந்தது.

அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற ஆள். ஆழம் போகப் போக அவனுக்குக் கொண்டாட்டம். அவனுக்கு எதுக்கு என் நோட்டு? விவரம் தெரிஞ்ச ஆளுன்னு நாலு பேர் நம்பணும், அதுக்கா?

ஏப்ரல் 21, திங்கள்

பூபதியைக் கூப்பிட்டேன்.

“என்னங்கக்கா, நெட்டுல போட்டா ஊருக்கே பொதுதானுங்களே. எல்லாம் நம்ம சனத்துக்குத்தான போய்ச் சேருது.”

சேர்வதற்கு வாடகை நான் கட்ட வேண்டுமா என்றேன். சிரிக்கிறான். “கோவிச்சுக்காதீங்க, கீழ உங்க பேரப் போட்டுடறேன்.”

ஏப்ரல் 26, சனி

போடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு வெள்ளைத்தாள், சிவப்பு மை, கொட்டை எழுத்து: ‘இது திருட்டுப் படம். இந்த ஏஜென்டை நம்பாதீர்கள்.’ அதையும் செல்லில் படம் எடுத்தேன். என் படங்களுக்கெல்லாம் புதுப்பெயர் கொடுத்துவிட்டு, பழைய முப்பத்தேழு பெயரிலும் இந்தத் தாளை ஏற்றிவிட்டேன். ஒன்றாம் தேதி தளம் திறக்கட்டும். அவன் பக்கத்தில் இனி இதுதான் தெரியும். இன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

மே 3, சனி

பூபதி ஏழு தடவை கூப்பிட்டான். எடுக்கவே இல்லை.

மே 8, வியாழன்

மூடிவிட்டது. எட்டே நாளில்.

நான் எவ்வளவு பெரிய புத்திசாலி! சிவப்புத் தாளும் நாலு எம்பிதான். அவனை ஏசியதற்கும் என் கணக்கில்தான் போயிருக்கிறது. ஏழு தடவை கூப்பிட்டானே தவிர, இணைப்பை எடுக்கவில்லை அந்தச் சோம்பேறி.

சரி, மூடிக் கிடக்கட்டும். அவன் பக்கமும் வெறும் கட்டமாகத்தானே கிடக்கும். மூன்று வாரம் அவனும் அனுபவிக்கட்டும்.

மே 13, செவ்வாய்

மதியம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். பெயர் வசந்தாமணி, மல்லசமுத்திரம் பக்கம். மொபெட்டில் வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். “நோட்டு எழுதறது நீங்கதானுங்களா? ரிக்கு நிக்குதுங்க. ஆயிரத்து நூத்தி நாப்பது அடி போயிருச்சு, பொகைதான் வருது. இன்னம் எரநூறு போலாம்னு பூபதி சொல்றாப்டிங்க. போலாமுங்களா?”

நோட்டை எடுத்தேன். அவர்கள் காட்டுக்குக் கிழக்கே இரண்டு போர், தெற்கே ஒன்று. மூன்றும் காய்ந்தவை. ஒன்று ஆயிரத்து முந்நூறு வரை போயிருக்கிறது. “நிறுத்தச் சொல்லுங்க, இப்பவே” என்றேன். அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். நிறுத்தினார்கள்.

போடுவதற்கு முன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பாக்காம இருப்பமுங்களா? போன வாரம் பூபதி பக்கத்துல பாத்தா, செகப்பு மையில ஏசி எழுதியிருந்துச்சுங்க. ஆரோ ரெண்டு பேருத்துக்குச் சண்டையாட்டம் இருக்குதுன்னு ரெண்டு நாள் கழிச்சு உங்க பக்கத்துக்கு வந்தோம். அது மூடிக் கெடந்துச்சுங்க.”

மூணு காஞ்ச போரு என் நோட்டுல இருக்குது. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? அவன் மூஞ்சியில கரி பூசணும்னு ஆரு காட்டுல ஓட்டை போட்டிருக்கேன்? மூடிக் கெடக்கட்டும்னு நாந்தானே எழுதினேன், இதே டைரியில, போன வாரம்.

மே 25, ஞாயிறு

பத்து நாளாக டைப் அடிக்கிறேன். படமே வேண்டாம், எல்லாம் எழுத்து. ஒரு ஊர் முழுக்க எட்டு கேபி. நாலு எம்பி எங்கே, எட்டு கேபி எங்கே! இது எனக்கு முன்பே தெரியாதா? தெரியும். அடிக்கச் சோம்பல். பூபதி செய்தது திருட்டுத்தான், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அவனைச் சோம்பேறி என்று எழுதியவளும் நான்தானே?

இருபத்தொன்பது ஊர் முடிந்தது. என் போன் நம்பரை மேலே போட்டுவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

திறந்தது. பழைய படங்கள், சிவப்புத் தாள், எல்லாவற்றையும் அழித்தேன். முப்பத்தேழு ஊரும் இனி எழுத்தில்தான்.

ஜூன் 9, திங்கள்

பூபதி முப்பத்தேழு ஊரையும் அப்படியே நகலெடுத்துத் தன் தளத்தில் போட்டிருக்கிறான். என் பெயர் இல்லை! பேனாவைத் தூக்கி எறிந்தேன். எங்கேயாவது அடியை மாற்றியிருக்கிறானா என்று வரிவரியாகச் சரிபார்த்தேன். மாற்றவில்லை. அங்கே பார்க்கிறவரும் போர் போடப்போகிறவர்தான். இருந்துவிட்டுப் போகட்டும். வயிறு எரிகிறது, இல்லையென்று சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

மாதம் முழுக்க மூடவில்லை. ஒரு ஜிபிகூடத் தீரவில்லை.

சாயங்காலம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். வசந்தாமணியின் வீட்டுக்காரர், அர்த்தநாரி. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

“எம்பட போரை நீங்க எழுதலீங்களாட்ட இருக்குதே அம்மிணி?”

எழுத மனசு வரவில்லை என்றேன்.

“எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க. மேக்கால காட்டுக்காரரு நாளைக்கி ரிக்கு வருதுங்கறாரு. நாஞ் சொன்னா, அவருக்குத் தண்ணி வந்துருமுன்னு நான் பொறாமைப்படறேன்னு நெனப்பாரு. நெட்டுல இருந்தா நம்புவாருங்க.”

அவர் முன்னாலேயே அடித்தேன்: அர்த்தநாரி காடு. மே 13. 1,140 அடி. தண்ணீர் இல்லை.

தன் செல்லில் அந்த வரி வரும்வரை நின்றிருந்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒரு தடவை படித்தார். அப்புறம் மேற்குக் காட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லி செல்லை என்னிடம் நீட்டினார்.