துத்தம் தின்ற வீல்

இன்று காலை மாவு பிசையக் கை கழுவினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். பாலிஷும் மெழுகும் கலந்த அதே வாடை. அந்தக் கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை வருடம் உங்களைத் திட்டியிருப்பேன்! இன்றைக்கு என் கையே அப்படிக் கிடக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. நேற்று ஆயுத பூஜை. நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் ஜீப்பின் நாலு அலுமினிய வீல்களையும் என் சக்களத்தி என்றுதானே சொல்வேன். மேல்பூச்சு உரிந்து கிடந்ததை மதுரையில் பழைய சாமான் கடையில் பிடித்து, மிச்சப் பூச்சையும் சுரண்டி எறிந்து, வெறும் உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் பலகை போட்டு வீலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

"பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க நேரமில்ல, வீல்ல மீசையப் பாக்குறீகளோ?" என்பேன்.

"நீயும் வா புள்ள. ரெண்டு மூஞ்சிக்கும் எடம் இருக்கு" என்பீர்கள். இந்தப் பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ஆயுத பூஜையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், போடியில் ஈரத் துணியோடு குனிகிற ஒரே ஆள் நீங்கள்தான். புளிப்பு காய்ந்தால் பளபளப்பு செத்துப்போகும் என்பீர்கள். எனக்கு மானமே போகும்.

இந்த ஆடிதான் நீங்கள் போனபின் வந்த முதல் ஆடி. மழை விடாமல் அடித்து மலைமேல் நம் ஏலக்காய்த் தோட்டத்தில் அழுகல் கண்டுவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து வெரசாகத் தெளிக்க வேண்டும். துத்தத்தை வீட்டிலேயே கரைத்துக் கேனில் ஊற்றி, போடிமெட்டு வளைவுகளில் நானே ஜீப்பை ஏற்றினேன். உங்கள் கால் முறிந்த வருடம் பழகிய ஓட்டம்தான். ஆனால் கேன் மூடி இறுகவில்லை. வளைவுக்கு வளைவு தளும்பி, ஜீப்பின் அடிப்பலகை இடுக்கு வழியாகப் பின் வீல்மேல் வழிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் அப்படியே நின்றது.

துத்தத்தை அலுமினியச் சட்டியில் கரைக்கக் கூடாது என்று ஏலத்தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். "அதுக ரெண்டும் பங்காளிக மாதிரி, சேத்து வச்சா ஒண்ண ஒண்ணு தின்னுட்டுத்தான் ஓயும்" என்று நீங்களே சொல்வீர்கள். சட்டியைப் பற்றித் தெரிந்த எனக்கு வீலும் அலுமினியம்தான் என்று உறைக்கவில்லையே! பின் வீல் கருஞ்சிவப்புத் திட்டும் அதற்கடியில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகளுமாக இருந்தது. பார்த்ததும் உட்கார்ந்து அழுதேன். உங்களை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

உங்கள் தம்பி வந்து பார்த்தார். "வீலையே காப்பாத்தத் தெரியல மதினி, தோட்டத்த எப்படிக் காப்பாத்துவீக? ஜீப்பு சாவியக் குடுங்க. நான் பாத்துக்கிறேன், நீங்க வீட்டுல இருங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "தம்பி, வர்ற ஆயுத பூஜைக்கு இந்த வீல்ல உங்க மூஞ்சியக் காட்டுறேன். காட்டலேன்னா சாவியும் எடுத்துக்கங்க, தோட்டத்தையும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பாலிஷை மட்டும் போட்டுத் தேய்த்தேன். குழிகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. அப்புறம்தான் நீங்கள் செய்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நைசுத் தாள்வரை, தண்ணீர் விட்டு விட்டு இழைத்தேன். ஒரு தாள் நெடுக்காக, அடுத்த தாள் குறுக்காக. முந்தின கீறல் மறையும்வரை அடுத்ததைத் தொடவில்லை. பாலிஷ் துடைக்கத் துணி வேண்டும். மடித்து வைத்திருந்த உங்கள் பனியன்களை எடுத்தேன். கிழிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு கிழித்தேன், அதற்கு இதைவிட நல்ல சோலி ஏது?

துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்தது, கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். "கறுப்பு வந்தா சந்தோசப்படு, அது அழுக்கில்ல, வேல நடக்குது" என்ற உங்கள் குரல் வந்தது. மைதா தூவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன், மெழுகு பூசினேன். தண்ணீர் தெளித்தேன். சேம்பிலைமேல் உருளுவதுபோல உருண்டு ஓடியது. நகத்தால் தடவினால் இரண்டு குழி இன்னும் தட்டும். கண்ணுக்குத் தெரியாது.

நேற்று உங்கள் தம்பி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் வீலுக்கு முன்னால் குந்தினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அப்படியே உங்களைப் போல, மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"மூஞ்சி தெரியுதா தம்பி?"

"நரைகூடத் தெரியுது மதினி."

நாலு பழத்தையும் அவரே எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். தெருவில் யாரோ, "தாலியில்லாத பொம்பளையா வண்டிய எடுக்குறது?" என்றார்கள். அவர் எழுந்து திரும்பினார். "வண்டி அவுகளுது, தோட்டமும் அவுகளுது. வேற யாரு எடுப்பா? ஏறுங்க மதினி!"

ஏறினேன். நாலு பழமும் நசுங்கின. உடனே இறங்கி ஈரத் துணியோடு குனிந்தேன். மானம் போகவில்லை, பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். வீலில் கம்பிக்குக் கம்பி நடுவே இருக்கிற சந்துகளில் உங்கள் தடி விரல் ஒருநாளும் நுழைந்ததில்லை. "அங்கன யாரு பாக்கப் போறா?" என்று கறுப்பாகவே விட்டுவிட்டு மீசையை முறுக்குவீர்கள். என் விரல் நுழைந்தது. நாலு வீலிலும் ஒரு சந்து பாக்கியில்லை. என் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு அங்கிருந்து எடுத்தது, நீங்கள் விட்டுப்போனது.

இந்தக் கையோடுதான் இன்று சாப்பிடப் போகிறேன். முடிந்தால் வந்து திட்டுங்கள்.