மீட்டரில் குறைந்த யூனிட்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாமல் படி.

புது ஏசி வாங்கினால் கரண்டில் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்லியிருந்தாய். போட்டது உன் வீட்டுக்காரிதான். மருந்துக் கடை வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டரைக் குறித்தாள். ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் போவதைக் கழித்தாள். என் அறை ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு யூனிட்! கடையில் விசாரித்தால், புதுசுக்கே ஐந்து ஆகுமாம். பழசு புதுசைவிடச் சிக்கனம் என்று வந்து நின்றது கணக்கு.

வேறொருத்தியாக இருந்தால் பேப்பரைக் கசக்கிப் போட்டிருப்பாள். இவள் என்னைப் பார்த்தாள். "மாமா, மீட்டர் பொய் சொல்லாது. அந்த மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மிச்சம் நீங்கதான்" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன்.

உண்மைதான். அவள் தெருமுனை திரும்பியதும் அணைத்துவிடுவேன். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வேன். அவள் வருவதற்கு அரை மணி முன்னால் போட்டு அறையைக் குளிர வைத்துவிடுவேன். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு வெக்கை கூடாது என்று டாக்டர் சொன்னது மறந்துவிடவில்லை. ஆனால் செலவு கட்டவில்லை, இன்னும் ஒரு வருடம் இந்த ஊர் வேலையிலேயே இருக்கிறேன் என்று நீ எழுதினாயே, அதுவும் மறக்கவில்லை. பில் குறைந்தால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். கிழவன் புத்தி.

அவள் திட்டவில்லை. மறுநாள் லீவு போட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் அறையிலேயே உட்கார்ந்தாள். எனக்குக் காவல்! பதினொரு யூனிட் ஓடியது. யானைக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறோமடா. புதுசு வந்தால் ஒரு நாளைக்கு ஆறு யூனிட் மிச்சம். நாலு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்கு மேல் எல்லாம் லாபம் என்கிறாள். எவ்வளவு கெட்டிக்காரி! உனக்கு வாய்த்ததை நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே எழுதியிருந்தாள்: 'மாமா அறை, தினம் எட்டு மணி நேரம், பத்து வருடம்.' எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. என்னம்மா, எண்பத்தாறு வரைக்கும் என்னை இழுத்திருக்கிறாயே என்று சிரித்தேன். தலை நிமிராமலே, "குறைச்சுப் போட்டா கணக்கு கட்டுப்படி ஆகாது, மாமா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இனி ஏசியை அணைக்க மாட்டேன், சத்தியம். புதுசு வாங்க என் சேமிப்பே போதும், நீ அனுப்ப வேண்டாம். அந்த ஒரு வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. தனியாக இருந்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண். நீ எப்போது வருவாய் என்று மட்டும் அவள் என்னிடம் கேட்பதே இல்லை.

இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒரே வீட்டில் இருங்கள்.

உன் அப்பா